வெஸ்ஸெக்ஸ் நாட்டு ஆல்பிரெட் மன்னன்

ரோம சாம்ராஜ்யம் மேற்கே சிதைந்துபோன பின்னர், அதன் இடிபாடுகளின்மேல் சிறிதும் பெரிதுமாக எழுந்த கிறிஸ்தவ இராஜ்யங்களை ஆண்ட மன்னர்களுள் வாளினால் பேர் பெற்றவர் பலர். ஆலயங்களுக்கும் மடங்களுக்கும் அள்ளிக்கொடுத்துப் பேர் பெற்றவரும் பலர். ஆனால் தன் குடிகள் படித்தறிய வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தினால், முடி தரித்துப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பிறகும் மாணாக்கனைப் போல அமர்ந்து அந்நிய பாஷையொன்றைக் கற்று, அதிலிருந்த நூல்களைத் தன் மக்கள் வீட்டிலும் வயலிலும் பேசிய மொழியிலே பெயர்த்துத் தர முற்பட்ட மன்னன் என்று தேடினால், ஆல்பிரெட் ஒருவனைத் தவிர வேறெவரையும் நான் காணேன். இங்கிலாந்தின் தென்பாகத்திலே வெஸ்ஸெக்ஸ் என்று வழங்கிய நாட்டை 871 முதல் 899 வரை ஆண்டவன் அவன். அவனுக்கு முந்திய தலைமுறைகளிலே ஐரோப்பாவையே நடுங்கச் செய்த சார்லமேன் சக்கரவர்த்தியும் கல்வியில் பேரார்வம் கொண்டவன்தான். எழுதிப் பழகுவதற்கென்று பலகைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான் என்றும், காலங்கடந்து தொடங்கியதனால் அந்த முயற்சி அதிகம் பலிக்கவில்லை என்றும் அவனுடைய சரிதத்தை எழுதிய ஐன்ஹார்ட் கூறுகிறார். சார்லமேன் ஆண்டது ஒரு கண்டத்தின் பெரும்பகுதி. ஆல்பிரெட் ஆண்டது ஒரு தீவின் தென்கோடி. எனினும் ஏட்டோடு கொண்ட உறவிலே சிற்றரசன் சக்கரவர்த்தியை விஞ்சிவிட்டான்.

அக்காலத்தில் இங்கிலாந்து என்ற பெயரால் ஒரே நாடு இருந்ததில்லை. வடக்கே நார்தம்பிரியா, நடுவே மெர்சியா, கிழக்கே கிழக்கு ஆங்கிலியா, தெற்கே வெஸ்ஸெக்ஸ் என நான்கு இராஜ்யங்கள் ஒன்றோடொன்று பொருதும் மணவுறவு பூண்டும் வாழ்ந்துவந்தன. வெஸ்ஸெக்ஸ் மன்னன் ஈதல்வுல்ஃபுக்கும் அவன் மனைவி ஆஸ்பர் என்பவளுக்கும் கடைசிப் புதல்வனாக, வான்டேஜ் என்னும் அரண்மனையூரில், 849ஆம் ஆண்டு ஆல்பிரெட் பிறந்தான் என்று அவன் சரிதம் கூறும். மூத்தவர் நால்வர் இருக்க, கடைக்குட்டிக்கு அரியணை வரும் என்று ஒருவரும் நினைத்திருக்க முடியாது. தாய் ஒருநாள், சித்திரம் தீட்டிய முதலெழுத்துடன் விளங்கிய ஒரு பாட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, இதை விரைவில் கற்பவனுக்கே இது உரியது என்று சொல்ல, மூத்தவர்கள் வாயைத் திறக்குமுன் சிறுவன் ஆல்பிரெட் அதை வாங்கிக்கொண்டு தன் ஆசிரியனிடம் ஓடிப் பாடங்கேட்டு, திரும்பிவந்து தாயின் முன் ஒப்பித்துப் புத்தகத்தைப் பெற்றான் என்பது ஒரு வரலாறு. அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதையும், பன்னிரண்டு வயது கடந்தும் அவன் எழுத்தறியாமலே இருந்தான் என்பதையும் அதே சரிதம் மறைக்காமல் சொல்கிறது. இந்தக் குறை அவன் மனத்தில் ஆழத் தைத்திருந்தது. தனக்கு வயதும் ஓய்வும் இருந்த காலத்தில் ஆசிரியர் கிடைக்கவில்லை, ஆசிரியர் கிடைத்த காலத்தில் நோயும் போரும் படிக்க விடவில்லை என்று பின்னாளில் அவன் பலமுறை பெருமூச்செறிந்ததுண்டு.

நான்கு வயதிலேயே அவனை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். நான்காம் லியோ என்னும் போப்பாண்டவர் அவனை ஆசீர்வதித்து ஞானப்புதல்வனாக ஏற்றார். 855ஆம் ஆண்டில் தந்தையுடன் மறுபடியும் சென்று, திரும்பும் வழியில் பிராங்கு நாட்டு மன்னன் சார்லஸின் அரசவையையும் கண்டான். சதுப்பும் காடும் மரவீடுகளும் நிறைந்த தேசத்திலிருந்து போன பிள்ளையின் கண்களில் ரோமாபுரியின் கல் மதில்களும், அரசவையில் ஏடு படித்த பண்டிதர் கூட்டமும் என்ன பதிந்தன என்பதை அவன் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவன் செய்தவற்றைப் பார்க்கும்போது, அந்த யாத்திரைகள் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வடகடலுக்கு அப்பாலிருந்து டேனியர் வந்து கொள்ளையிடுவது 793ஆம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தைச் சூறையாடிய நாளிலிருந்தே நடந்துவந்த கொடுமை. கோடையில் வந்து குளிருக்குமுன் திரும்புவது அவர்கள் வழக்கம். 865ஆம் ஆண்டில் வந்த பெருஞ்சேனையோ திரும்பிப் போவதற்காக வந்தது அன்று. அடுத்த ஆண்டு யார்க் நகரம் வீழ்ந்தது. நார்தம்பிரியாவின் அரசர் இருவர் மாண்டனர். 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னன் எட்மண்ட் கொல்லப்பட்டான். சில ஆண்டுகளில் மெர்சியாவின் மன்னன் பர்கிரெட் நாட்டைத் துறந்து ரோமாபுரிக்கு ஓடினான். அந்தப் பர்கிரெட்டின் மனைவி ஆல்பிரெட்டின் தமக்கை. 871ஆம் ஆண்டில் வெஸ்ஸெக்ஸ் மட்டும் ஒன்பது போர்களைக் கண்டது. அவற்றுள் ஆஷ்டவுன் என்ற இடத்தில் வெற்றி, மற்றவற்றுள் பலவற்றில் தோல்வி. அந்த ஆண்டு ஈஸ்டருக்குப் பின், அரசனாயிருந்த அண்ணன் ஈதல்ரெட் இறக்க, இருபத்திரண்டு வயது நிரம்பாத ஆல்பிரெட் முடி சூடினான். முடிசூடிய ஒரு மாதத்திலேயே வில்டனில் தோற்று, பகைவருக்குப் பொருள் கொடுத்துச் சமாதானம் வாங்கினான். இதை அவனுடைய பக்தர்கள் விரைந்து கடந்துவிடுவார்கள். கடக்கவேண்டியதில்லை, தோற்றுத் தோற்றே அவன் கற்றான்.

878ஆம் ஆண்டு ஜனவரியில், கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் பன்னிரண்டாம் இரவு கழிந்த சில நாட்களுக்குள், போர்க்காலமே அல்லாத அந்தக் கடுங்குளிரில், குத்ரம் என்னும் டேனியத் தலைவன் சிப்பன்ஹாம் அரண்மனையூரின்மேல் எதிர்பாராது வந்து விழுந்தான். நாட்டில் பலர் பணிந்தனர். பலர் கடல்கடந்து ஓடினர். மன்னன் ஒரு சிறு கூட்டத்துடன் சாமர்செட் நாட்டுச் சதுப்பு நிலங்களில் மறைந்தான். ஆற்றுநீர் பரந்து, கோரையும் நாணலும் மண்டி, வழியறிந்தவனன்றி வேறெவனும் புகமுடியாத அந்தப் பரப்பின் நடுவே அதெல்னி என்றொரு மேடு. அங்கே மாட்டிடையன் குடிசையில் அவன் மறைந்திருந்தபோது, அடுப்பில் வெந்த அப்பம் கருகியதைக் கவனியாமல் இருந்ததற்காக வீட்டுக்காரியிடம் வசவு வாங்கினான் என்ற கதையை அறியாத ஆங்கிலக் குழந்தை இல்லை. அந்தக் கதை அவன் காலத்தது அன்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து எழுதப்பட்ட, நியாட் என்னும் துறவியின் சரிதத்திலேதான் முதன்முதல் காணப்படுகிறது. ஜனங்கள் தங்கள் அரசனை எவ்வளவு நெருங்கியவனாகக் கருதினார்கள் என்பதற்கு அது சாட்சியாகலாமேயன்றி, அந்த நான்கு மாதங்களின் உண்மை அதில் இல்லை. உண்மை யாதெனில், ஈஸ்டருக்குள் அவன் அந்த மேட்டிலே ஓர் அரண் எழுப்பிவிட்டான். அங்கிருந்து இடைவிடாது பகைவர்மேல் பாய்ந்துகொண்டிருந்தான். அதோடு, சாமர்செட், வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர் என்னும் மூன்று நாட்டாரிடத்தும் இரகசியமாக ஆள் அனுப்பி, இன்ன வாரத்தில் இன்ன இடத்தில் கூடவேண்டும் என்று ஏற்பாடு செய்தான். ஈஸ்டருக்குப் பின் ஏழாவது வாரம், எக்பர்ட் கல் என்னும் இடத்திலே அவர்கள் கூடினார்கள். இறந்தான் என்று நினைத்த அரசனை உயிரோடு கண்டதும் ஆனந்தமடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து எடிங்டனில் நடந்த போரில் டேனியர் முறிந்தோடினர். பதினான்கு நாள் முற்றுகையின் முடிவில் பசியாலும் குளிராலும் வாடிப் பணிந்தனர்.

இதற்குப் பின் ஆல்பிரெட் செய்த காரியமே அவனை மற்ற வெற்றிவீரரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. பணிந்த பகைவனைக் கொல்லாமல், மூன்று வாரங்கள் கழித்து ஆலர் என்னும் ஊரில், முதன்மை வீரர் முப்பதின்மருள் ஒருவனாக வந்த குத்ரமுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, தானே ஞானத்தந்தையாக நின்று, ஈதல்ஸ்டன் என்ற கிறிஸ்தவப் பெயரைச் சூட்டி, பன்னிரண்டு இரவுகள் விருந்து வைத்து, பரிசளித்து அனுப்பினான். ஈதல்ஸ்டன் என்ற அந்தப் பெயரை ஒரு கண்துடைப்பாகக் கொள்ள இடமில்லை. குத்ரம் கிழக்கு ஆங்கிலியாவில் குடியேறி 890இல் இறக்கும்வரை அந்தப் பெயராலேயே நாணயம் அடித்தான். இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் உள்ளது. தேம்ஸ் ஆற்றின் வழியே மேலே சென்று, லீ ஆற்றின் வழியே அதன் ஊற்றுவரை போய், அங்கிருந்து நேரே பெட்போர்டை அடைந்து, ஊஸ் ஆற்றின் வழியே வாட்லிங் என்னும் ரோமானியப் பெருவழியைத் தொடும் எல்லையை அது வகுக்கிறது. எல்லையின் இருபுறத்தாரும் கொலையுண்டால் ஒரே ஈட்டுத்தொகை என்று நிர்ணயிக்கிறது. முழுவதும் துரத்தமுடியாத பகைவனை முழுவதும் துரத்திவிட்டதாகப் பாவனை செய்யாமல், அவனோடு அண்டை வீட்டானாக வாழ்வதற்கான சட்டம் செய்தானே, அதற்கு எடிங்டன் வெற்றியைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

துணிவோடு நின்றுவிடாமல், மறுமுறை ஒரு சிப்பன்ஹாம் நேராதபடி நாட்டையே புதிதாக அமைத்தான். அரண் சூழ்ந்த ஊர்களை நாடெங்கும் எழுப்பினான். பழைய ரோமானிய மதில் இருந்த இடத்தில் அதைச் செப்பனிட்டான், இல்லாத இடத்தில் மண்மேடும் அகழியும் புதிதாக அமைத்தான். அவன் மகன் எட்வர்டின் காலத்தில் எழுதப்பட்ட ஒரு பட்டியலில் இத்தகைய ஊர்கள் முப்பதுக்கு மேற்பட்டவை காணப்படுகின்றன. அந்தப் பட்டியலின் கணக்கு வியக்கத்தக்கது. ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குப் போதிய நிலத்தை ஹைட் என்று அளந்தார்கள். ஒவ்வொரு ஹைட் நிலமும் ஓர் ஆளைத் தரவேண்டும். பதினாறரை அடி நீளமுள்ள ஒரு கோல் மதிலுக்கு நால்வர் நிற்கவேண்டும். வின்செஸ்டருக்கு விதிக்கப்பட்டது 2,400 ஹைட்; அதாவது 600 கோல், 9,900 அடி. இன்றும் எஞ்சியுள்ள தடங்களைக்கொண்டு அளந்தால் வின்செஸ்டரின் ரோமானிய மதிலின் நீளம் ஏறக்குறைய அதுவே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், எழுத்தறிந்தவர் அரிதாயிருந்த ஒரு தேசத்திலே, இத்துணை நுட்பமாக மதிலை அளந்து, நிலத்தைக் கணக்கிட்டு, ஆளைப் பங்கிட்ட அந்தக் கணக்கர்கள் யாரோ! அவர்களுடைய பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

படையையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி போரில் நிற்கையில் மறுபாதி ஊரில் இருந்து பயிரைக் கவனிக்கும்படி விதித்தான். 886ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தைக் கைக்கொண்டு புதுப்பித்து, அது மெர்சியருக்கு உரிய நகரமாகையால் தான் வைத்துக்கொள்ளாமல், மெர்சியாவின் தலைவன் ஈதல்ரெட்டின் பொறுப்பில் விட்டான். அவனுக்கே தன் மூத்த மகள் ஈதல்பிளெட்டை மணம் செய்து கொடுத்தான். டேனியர்க்கு அடிமைப்படாத ஆங்கிலேயர் அனைவரும் அந்த ஆண்டில் அவனைத் தலைவனாக ஏற்றார்கள். 892இல் 250 கப்பல்களில் ஒரு சேனையும், ஹாஸ்டைன் என்பவனின் கீழ் 80 கப்பல்களில் மற்றொரு சேனையும் கென்ட் கரையில் இறங்கியபோது, நான்கு ஆண்டுகள் அலைந்தும் அவர்களால் முன்போல நாட்டை விழுங்க முடியவில்லை. எங்குச் சென்றாலும் ஓர் அரணும் அதில் ஆளும் இருந்தன. 896இல் அவர்கள் கலைந்து போனார்கள். அவன் கட்டுவித்த நெடுங்கப்பல்களைப் பற்றி ஆங்கிலேயர் பெருமை பேசுவதுண்டு. ஆனால் அக்கப்பல்கள் முதற்போரிலேயே தரைதட்டி நின்றன என்று அக்காலத்து வருஷாந்தரக் குறிப்பே கூறுவதால், அந்தப் பெருமையில் நான் அதிகம் தங்கவில்லை.

இந்த வருஷாந்தரக் குறிப்பிலே, தமிழ் மக்கள் நின்று படிக்கவேண்டிய வாக்கியம் ஒன்றும் உண்டு. 883ஆம் ஆண்டின் கீழ், லண்டனுக்கு எதிரே பகைவர்மேல் படை எடுத்திருந்த காலத்தில் ஆல்பிரெட் நேர்ந்துகொண்ட காணிக்கையை, சிக்ஹெல்ம், (குத்ரம் அல்லாத வேறொரு) ஈதல்ஸ்டன் என்னும் இருவர் ரோமாபுரிக்கும், இந்தியாவிலுள்ள புனித தோமையாருக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் எடுத்துச் சென்றதாக அது குறிக்கிறது. சில பிரதிகளில் இந்தியா என்ற இடத்தில் யூதேயா என்ற பாடம் உண்டு. ஆகவே அறிஞர்களிடையே இதுபற்றி விவாதம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாம்ஸ்பரி மடத்து வில்லியம் என்னும் ஆசிரியர், சிக்ஹெல்ம் இந்தியா சென்று இரத்தினங்களும் வாசனைத் திரவியங்களும் கொண்டு மீண்டார் என்றே எழுதினார். யாத்திரை நிறைவேறியதாயினும் ஆகாததாயினும், டேனியரோடு பொருதுகொண்டிருந்த ஒரு வடதிசை மன்னனின் மனத்தில் தோமையாரின் இந்தியா ஒரு நேர்த்திக்கடன் செலுத்தும் தலமாக இருந்தது என்பதே ஒரு பெரிய செய்தி. அவன் நினைவில் இருந்த அந்த இந்தியாவில் அப்போது நடந்ததை நாம் அறிவோம். அவன் பிறந்ததாகச் சொல்லப்படும் 849ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவே பொதுவாகக் கணிக்கப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின்படி, கொல்லத்துத் துறைமுகத்தில் ஈசோ சபீர் கட்டிய கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டு அதிபதி அய்யனடிகள் திருவடிகள் நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கினான். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் சாசனத்தில் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களிலும் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கீழ்க்கரையில், தோமையாரின் சமாதி உள்ளதென்று பரம்பரையாகப் போற்றப்படும் மயிலாப்பூரை உள்ளிட்ட தொண்டை மண்டலத்தில் பல்லவரின் கடைசி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாம் ஆதித்த சோழன் தலையெடுத்துவந்தான். ஒரே தலைமுறையில் ஒரு கரையில் மடங்கள் கொள்ளை போயின. மறுகரையில் கடல் கடந்து வந்த வணிகரின் வழிபாட்டிடத்துக்குச் செப்பேடு கிடைத்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். போர் ஓய்ந்து மூச்சுவிட நேரம் கிடைத்தபோது, நாடு ஏன் இந்தக் கதிக்கு ஆளாயிற்று என்று ஆல்பிரெட் சிந்தித்தான். டேனியர் வலியர், அதனால் கெட்டோம் என்று சொல்லி அவன் நின்றிருக்கலாம். அவன் கண்ட காரணம் வேறு. மகா கிரெகோரி என்னும் போப்பாண்டவர் மேய்ப்பரின் கடமையைப் பற்றி இயற்றிய இலத்தீன் நூலைத் தான் மொழிபெயர்த்து, அதற்கு முன்னுரையாக ஒவ்வொரு பிஷப்புக்கும் எழுதிய நிருபத்திலே அவன் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறான். ஒரு காலத்தில் அந்நியர்கள் ஞானத்தைத் தேடி இந்தத் தீவுக்கு வந்தார்கள். இப்போது நாம் வெளியே சென்று தேடவேண்டியிருக்கிறது. தான் ஆட்சிக்கு வந்தபோது தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, வழிபாட்டின் பொருளை அறியவோ ஓர் இலத்தீன் கடிதத்தை மொழிபெயர்க்கவோ வல்லவர் ஒருவரையும் தன்னால் நினைவுகூர முடியவில்லை. எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்ட பகுதி இது: டேனியர் வந்து எரிப்பதற்கு முன்பே, ஆலயங்கள் நூல்களால் நிறைந்திருந்தன, ஆயினும் அவற்றைக் காத்தவர்களுக்கு அவற்றால் பயன் விளையவில்லை, ஏனெனில் அவை அவர்கள் மொழியில் எழுதப்படவில்லை. ஆகவே, வேதம் முதலில் எபிரேயத்தில் இருந்து, பின்பு கிரேக்கரும் இலத்தீனியரும் தத்தம் மொழியில் அதைப் பெயர்த்துக்கொண்டது போல, எல்லோரும் அவசியம் அறியவேண்டிய நூல்களை நம் மக்கள் மொழியில் ஆக்குவோம். வசதியுள்ள சுதந்திரப் பிள்ளைகள் யாவரும், வேறு தொழிலுக்குப் போகுமுன் ஆங்கிலத்தில் எழுதினதைச் செம்மையாக வாசிக்கும் அளவுக்குக் கற்கட்டும். குருத்துவத்துக்குச் செல்வோர் மேற்கொண்டு இலத்தீன் கற்கட்டும் என்று அவன் திட்டம் வகுத்தான்.

அறிஞர்களுக்காக நாலா திசையும் ஆள் அனுப்பினான். மெர்சியாவிலிருந்து பிளெக்மண்டும் வெர்பெர்த்தும் வந்தார்கள். பிராங்கு நாட்டிலிருந்து கிரிம்பால்ட் வந்தார். சாக்சனியிலிருந்து ஜான் வந்தார். வேல்ஸ் நாட்டின் மேற்குக்கோடியிலிருந்த செயின்ட் டேவிட்ஸ் மடத்திலிருந்து அஸ்ஸர் வந்தார். தம் மடத்தை முற்றும் துறக்க மனமில்லாத அஸ்ஸர், ஆண்டில் பாதி அரசனிடமும் பாதி வேல்ஸிலும் இருப்பதென்று ஏற்பாடு ஆயிற்று. அரசன் அவருக்கு இரண்டு மடங்களையும், ஒரு பட்டுப் போர்வையையும், வலிய ஆள் ஒருவன் சுமக்கத்தக்க பாரமுள்ள சாம்பிராணியையும் ஒருநாள் விடியற்காலையில் வழங்கினான் என்று அவரே நன்றியோடு எழுதுகிறார். நாம் ஆல்பிரெட்டை ஒரு மனிதனாக அறிவது 893இல் இந்த அஸ்ஸர் எழுதிய சரிதத்தாலேதான்; அதன் பழம்பிரதி ஒன்றே ஒன்று இருந்ததும் 1731ஆம் ஆண்டில் காட்டன் நூல்நிலையத்தில் பற்றிய தீயில் அழிந்தது; அதற்குமுன் எடுத்திருந்த படிகள் நம்மைக் காப்பாற்றின. அரசனின் சோறு உண்டவர் எழுதிய சரிதமாகையால் புகழ்ச்சி மிகுந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. எனினும் சில இடங்களில் கற்பனைக்கு எட்டாத உண்மையின் ஒலி கேட்கிறது.

887ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாள். அஸ்ஸர் அரசனுக்கு ஏதோ ஒரு நூலைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் அரசன் செவியில் தைக்கிறது. மார்பில் எப்போதும் வைத்திருக்கும் ஒரு சிறு ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதை இதிலே எழுதும் என்கிறான். அஸ்ஸர் புரட்டிப் பார்க்கிறார்; இடமில்லை. வேறு ஒரு தாள்மடிப்பைப் பிரித்து எழுதத் தொடங்குகிறார். அன்றே மூன்று வாக்கியங்கள் சேருகின்றன. நாளுக்கு நாள் வளர்ந்து அது ஒரு கைந்நூலாகிறது. அதே நாளில், ஒரே சமயத்தில், அரசன் இலத்தீன் வாசிக்கவும் அதை மொழிபெயர்க்கவும் தொடங்கினான் என்கிறார் அஸ்ஸர். அரசனுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. மணவிருந்து நாளில் தாக்கிய ஒரு விளங்காத நோய் அவனை விட்டு நீங்கியதில்லை. நாட்டின் எல்லையில் பகைவர் இருந்தார்கள். அந்த நிலையில் ஒரு மனிதன் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறான்.

கிரெகோரியின் நூலோடு, போயத்தியஸ் சிறையில் இருந்து எழுதிய தத்துவ நூலும், புனித அகஸ்தீனின் ஆத்ம விசாரமும், சங்கீதங்களில் முதல் ஐம்பதும் அவன் பெயர்த்தவை என்று பரம்பரையாகக் கூறுவர். இவற்றுள் எவ்வளவு அரசன் கையால் ஆனது, எவ்வளவு உடனிருந்த பண்டிதர்கள் கையால் ஆனது என்பதில் தற்கால ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுகின்றனர். சிலர் முழுவதையும் மறுக்கின்றனர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்பின் முறை மட்டும் நெஞ்சை அள்ளுகிறது. சில இடம் சொல்லுக்குச் சொல், சில இடம் பொருளுக்குப் பொருள் என்று அவனே முன்னுரையில் கூறுகிறான். போயத்தியஸ் தம் நூலில் பப்ரீசியஸ் என்னும் ரோமானியப் பெரியோனின் எலும்புகள் இன்று எங்கே என்று கேட்டிருக்க, ஆங்கில நூலோ, தன் ஜனங்கள் கதைகளில் கேட்டறிந்த வீலண்ட் என்னும் கொல்லனின் எலும்புகள் எங்கே என்று கேட்கிறது. அந்நிய நூல் தன் வீட்டு முற்றத்திலே வந்து பேசவேண்டும் என்று எண்ணியவனுக்கே இது தோன்றும். அரசனுக்கு ஆயுதங்கள் எவை என்ற இடத்திலும், ஜெபிப்போர், போர்புரிவோர், உழைப்போர் என்னும் மூவகை மனிதரின்றி அரசத்தொழில் நடவாது என்று மூலத்தில் இல்லாத ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. ஒரோசியஸின் உலக சரித்திரத்தை ஆங்கிலமாக்கியபோது, நார்வே நாட்டின் வடகோடியிலிருந்து வந்த ஓத்தெர் என்னும் கடலோடி ஆல்பிரெட்டிடம் சொன்ன பிரயாண விவரங்கள் அதில் இடம்பெற்றன. விற்காத கலைமான்கள் தன்னிடம் அறுநூறு உண்டு என்றும், வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்தைத் தேடி வடகடல் சுற்றினேன் என்றும் அவன் கூறுகிறான். வடநாட்டாரால் நாடிழந்து சதுப்பில் ஒளிந்த அரசன், வடநாட்டான் ஒருவனை எதிரில் இருத்தி அவன் தேசத்தின் கதையைக் கேட்கிறான்! பகைமை அவனுடைய அறிவின் வாயிலை அடைத்துவிடவில்லை.

கல்வியை அவன் அலங்காரமாகக் கருதவில்லை என்பதற்கு அவனுடைய நியாயாதிபதிகள் பட்ட பாடே சான்று. தவறான தீர்ப்புச் செய்தவரை அழைத்து, அறியாமையால் செய்தேன் என்று அவர்கள் சொன்னால், பதவியை இன்றே விடு, அல்லது படிக்கக் கற்றுக்கொள் என்று ஆணையிட்டான். பிரபுக்களும் அதிகாரிகளும் அஞ்சிப்போய், தலை நரைத்த வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள்; முடியாத கிழவர்கள் மகனையோ, உறவினனையோ, யாரும் இல்லாவிட்டால் தங்கள் அடிமையையோ அருகில் வைத்து இரவும் பகலும் படிக்கச்சொல்லிக் கேட்டு, எங்கள் இளமையில் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லையே என்று புலம்பினார்களாம். அரண்மனையிலே நடந்த பள்ளியில் பிரபுக்களின் பிள்ளைகளோடு எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் ஆங்கிலமும் இலத்தீனும் கற்றார்கள். பொழுதை வகுப்பதற்கு மெழுகுவர்த்தி ஆறு செய்வித்து, ஒவ்வொன்றும் நான்கு மணிநேரம் எரியுமாறு அளந்து, காற்றில் விரைந்து உருகாதபடி மாட்டுக்கொம்பை மெல்லிய தகடாகச் சீவி மரச்சட்டத்தில் பொருத்திக் கூண்டு செய்தான் என்பதும் அஸ்ஸர் தரும் செய்தி.

அவன் தொகுத்த சட்டநூல் பத்துக் கட்டளைகளோடு தொடங்குகிறது. பிறர் தனக்குச் செய்ய விரும்பாததைத் தானும் பிறருக்குச் செய்யலாகாது என்னும் ஒரு விதியை உணர்ந்து தீர்ப்புச் செய்பவனுக்கு வேறு சட்டநூலே தேவையில்லை என்பது அதன் முன்னுரையின் கருத்து. இரத்தப்பழி தீர்க்கும் பழைய வழக்கத்தை முற்றும் ஒழிக்க இயலாமல், பகைவன் தன் வீட்டில் இருந்தால் முதலில் நியாயம் கேள், ஏழு நாள் முற்றுகையிட்டுப் பொறு என்று கடிவாளமிட்டான். ஆயினும் அவனும் தன் காலத்தின் பிள்ளையே. சுதந்திர மனிதருக்குக் கிறிஸ்து பிறப்புக்குப் பன்னிரண்டு நாளும் ஈஸ்டருக்குப் பதினான்கு நாளும் விடுமுறை தந்த அதே சட்டம், அடிமைகளுக்கு ஆண்டில் நான்கு புதன்கிழமைகளை மட்டுமே தமக்கென்று விட்டது. கல்வித் திட்டமும் சுதந்திரரின் பிள்ளைகளுக்கே. இதை மூடி மறைத்து அவனைப் புகழ்வது அவனுக்கே செய்யும் அவமரியாதை. உள்ளதை உள்ளவாறு எழுதும் வழக்கத்தைத் தன் நாட்டில் நிலைநாட்டியவன் அவன்.

899ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி ஆல்பிரெட் இறந்தான். அவனுடைய மரணசாசனம் கிடைத்திருக்கிறது. மனைவி ஈல்ஸ்வித்துக்கு அவன் விட்ட மூன்று நிலங்களுள் ஒன்று பிறந்த ஊராகிய வான்டேஜ், மற்றொன்று வென்ற களமாகிய எடிங்டன். மகன் எட்வர்டும், ஆண்களுக்கு நிகராகப் படைநடத்தி அரண்கள் எழுப்பிய மகள் ஈதல்பிளெட்டும் டேனியர் பகுதிகளை ஒவ்வொன்றாக மீட்டார்கள். பேரன் ஈதல்ஸ்டன் 927இல் இங்கிலாந்து முழுவதற்கும் அரசனானான். ஆல்பிரெட்டுக்குப் புனிதர் பட்டம் வேண்டி இங்கிலாந்து மன்னன் ஆறாம் ஹென்றி 1441இல் ரோமாபுரிக்கு விண்ணப்பித்தும் கிட்டவில்லை. மகா ஆல்பிரெட் என்னும் பட்டமும் அவன் காலத்தது அன்று. ஏழு நூற்றாண்டுகள் கழித்தே வழக்கில் நிலைத்தது. வின்செஸ்டரில் அவனை அடக்கம் செய்த இடம் இருமுறை மாறி, இறுதியில் ஹைட் மடத்தில் அமைந்தது. 1539இல் மடம் கலைக்கப்பட்டது. 1788இல் அங்கே சிறைச்சாலை கட்டத் தோண்டியவர்கள் கல்லறைகளைக் கலைத்துவிட்டார்கள். அவனுடையவை என்று உறுதியாகக் காட்டத்தக்க எலும்புகள் இன்று இல்லை. 1693இல் அதெல்னிக்கு அருகே வயலிலே கிடைத்த ஒரு பொன்னணி, தன்னை ஆல்பிரெட் செய்வித்தான் என்று ஓரத்தில் பொறித்த எழுத்துக்களோடு ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் காட்சிசாலையில் இருக்கிறது. மேய்ப்பரின் கடமை நூலோடு ஒவ்வொரு பிஷப்புக்கும் அவன் அனுப்பிய விலையுயர்ந்த சுட்டுகோல்களுள் ஒன்றின் தலைப்பாக அது இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

வெர்பெர்த் பிஷப்புக்காக வூஸ்டருக்கு அனுப்பப்பட்ட படியும் அழியாமல் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூல்நிலையத்தில் உள்ளது. பிஷப் தம்முடன் எடுத்துச் செல்ல விரும்பினாலன்றி, அல்லது படியெடுப்பதற்காக இரவல் கொடுத்தாலன்றி, இதை ஆலயத்தைவிட்டு அகற்றலாகாது என்று அரசன் விதித்த ஆணை அதன் முன்னுரையின் இறுதியில் இருக்கிறது. சில பக்கங்களுக்கு மேற்படாத முன்னுரை அது. ஆங்கிலம் அறிந்த வாசகர்கள் அதைத் தேடிப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உயர்கல்வி எந்த மொழியில் நடக்கவேண்டும் என்று நாம் தலைமுறை தலைமுறையாக வாதிட்டுவரும் இந்த நாட்டிலே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்கும்படி, எளிய தமிழில் அதைப் பெயர்த்துத் தர நம் புலவர் ஒருவர் முன்வரவேண்டும்.